பேர் வெட்டிய பாத்திரங்கள்

வனிதா,

முப்பது வருஷம் மயிலாப்பூரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள் நான். யாருக்கு எந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் உனக்கு எழுத உட்கார்ந்து ஒரு மணி நேரமாகிறது, உன் பெயரைத் தாண்டி அடுத்த வார்த்தை வரவில்லை. நீ உள்ளறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். நாளை மறுநாள் காலையில் உனக்குக் கோயம்புத்தூர் ரயில். அதற்குள் இதை எழுதி முடித்து உன் கையில் கொடுத்தாக வேண்டும். நேரிலேயே சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பாய். மூன்று மாதமாக முயன்று பார்த்துவிட்டேன். நீ எதிரில் வந்து நின்றால் "சாப்ட்டியா?" என்பதைத் தவிர வேறொன்றும் என் வாயில் வருவதில்லை. நீ போய்விட்டால் அந்த ஒரு கேள்வியைக்கூடப் போனில்தான் கேட்க முடியும். நீ எடுப்பாயோ மாட்டாயோ. அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன்.

நான் பேச வேண்டியது அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. கீழே கார் நிறுத்தும் இடத்தில் உன் கல்யாணச் சாமான்களைப் பரப்பி வைத்து விற்றோமே, அந்த ஞாயிற்றுக்கிழமை. ஆனால் அதற்கு முன்னால் அந்தச் சாமான்கள் எப்படி வந்தன என்று சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். நான் சொல்லாத பாதி ஒன்று அதில் இருக்கிறது. உன் அப்பா போனபோது நீ ஆறாம் வகுப்பு. அவர் காரியம் முடிந்த அடுத்த மாதமே நான் தி. நகரில் ஒரு பாத்திரக் கடையில் சீட்டு சேர்ந்தேன். வருஷத்துக்கு ஒன்று. ஓர் ஆண்டு குடம், ஓர் ஆண்டு அண்டா, ஓர் ஆண்டு இட்லிக் கொப்பரை. வாங்கிய கையோடு கடை வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்து உன் பெயரை வெட்டிக்கொண்டு வருவேன். செய்தித்தாளில் சுற்றிப் பரணில் ஏற்றிவிடுவேன். நீ எட்டாவது படிக்கும்போது சைக்கிள் கேட்டாய். உன் வகுப்பில் எல்லோரும் சைக்கிளில் வருகிறார்கள் என்று அழுதாய். அந்த வருஷம் நான் பித்தளைத் தவலை வாங்கினேன். எல்லாம் உனக்காகத்தான் சேர்க்கிறேன் என்று பரணைப் பார்த்து எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உனக்கு என்ன வேண்டும் என்று உன்னைக் கேட்டதே இல்லை. கல்யாணம் ஆகாமல் போய்விட்டால் என்ன செய்வது, தகப்பன் இல்லாத பெண்ணை யார் எடுப்பார்கள் என்ற கிலி எனக்கு. அந்தக் கிலியைத்தான் வருஷா வருஷம் ஒவ்வொரு பாத்திரமாக வாங்கி அடுக்கினேன்.

கல்யாணமாகி நான்காம் மாதம் நங்கநல்லூரில் உன் புருஷன் வீட்டிலிருந்து நீ முதல் தடவை வந்து நின்றாய். வெளியே போகும்போது உன்னை உள்ளே வைத்து வெளிப்பக்கம் பூட்டிவிட்டுப் போகிறார் என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "புதுசு. ஒருத்தரை ஒருத்தர் புரிஞ்சுக்க நாளாகும்." ஒரு வாய்க் காப்பி கொடுத்து அனுப்பினேன். இரண்டாவது தடவை மணிக்கட்டு வீங்கியிருந்தது. கதவில் மாட்டிக்கொண்டது என்றாய். கதவில் மாட்டிய கை எப்படி வீங்கும், யாராவது முறுக்கிய கை எப்படி வீங்கும் என்று எனக்கு வித்தியாசம் தெரியும். முப்பது வருஷமாக அந்த மாதிரிக் கைகளைப் பற்றி மனுக்கள் அடித்தவள் நான். "மனுதாரர் சொல்லொணா வேதனைக்கு ஆளாகி" என்று எத்தனை முறை அடித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அவ்வளவும் அடித்த அதே கையால் ஆட்டோவைக் கூப்பிட்டு, நானும் கூட ஏறி, உன்னை நங்கநல்லூரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை நீ என்னிடம் வரவில்லை. ஆழ்வார்பேட்டையில் உன் தோழி இருக்கும் விடுதிக்குப் போனாய். நான்கு நாள் கழித்து அவள் போன் செய்துதான் எனக்கே தெரியும். அன்று நான் அழுதது உனக்கு நேர்ந்ததற்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். பாதி அதற்கு. மீதி, என் பெண்ணுக்கு ஓர் ஆபத்து என்றால் என் வீடு அவள் நினைவுக்கு வரவில்லையே என்பதற்கு.

பிரிவதென்று இருவரும் கையெழுத்துப் போட்டு எல்லாம் முடிந்து நீ இங்கே வந்த பிறகு, ஒரு புதன்கிழமை அவர்கள் வீட்டிலிருந்து ஒரு குட்டி யானை வண்டி வந்து நின்றது. கட்டில், பீரோ, கிரைண்டர், மிக்சி, நான் வாங்கி அடுக்கிய அத்தனை பாத்திரமும். பாதிப் பாத்திரங்கள் நான் சுற்றிக் கொடுத்த செய்தித்தாளோடு அப்படியே திரும்பி வந்திருந்தன. ஹால் நிறைந்துவிட்டது. உள்ளறையிலிருந்து குளியலறைக்குப் போக வேண்டுமானால் உடம்பைத் திருப்பிக்கொண்டுதான் போக வேண்டும். நீ அப்படித்தான் ஒருக்களித்துப் போவாய், எதையும் பார்க்காமல். அதன் பிறகு ஐந்து வாரம் நீ பேசவில்லை. கேட்டால் தலையை ஆட்டுவாய். தட்டில் வைத்தது அப்படியே இருக்கும். ஒருநாள் வேலையிலிருந்து வந்தால் வீட்டில் நீ இல்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். துணி எடுக்க வந்தாயா என்றேன், தலையை ஆட்டினாய். கொடியில் துணி இல்லை. அன்றிலிருந்து மாடிக் கதவின் சாவியை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். உன்னிடம் அதைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? எல்லாம் இந்தச் சாமான்களால்தான், இவை கண்ணை விட்டுப் போய்விட்டால் என் பெண் பழையபடி ஆகிவிடுவாள் என்று. மூழ்குகிறவள் கையில் கிடைத்ததைப் பிடிப்பது போல அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாம் போக வேண்டும். ஒரு கரண்டிகூட மிஞ்சக் கூடாது.

நாளைக்கு நீயும் தனியாக ஒரு வீடு எடுப்பாய், மாற்றுவாய், வேண்டாத பொருள்களை வீட்டு வாசலில் வைத்து விற்க நேரும். அதனால் அன்று எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். வெயில் உள்ளே வருவதற்கு முன்னால் கடையை விரித்துவிடு. பெரிய பொருளை முன்னால் வை, தெருவில் போகிறவர் கண்ணில் அதுதான் படும். மிக்சியும் கிரைண்டரும் ஓடுமா என்று எல்லோரும் கேட்பார்கள், ஒயர் இழுத்துப் பக்கத்திலேயே ஒரு பிளக் வைத்துக்கொள். எல்லாவற்றையும் துடைத்து வை. இவை எல்லாவற்றையும் நான் சரியாகத்தான் செய்தேன். கீழ்வீட்டு மாமியிடம் கேட்டு அவர்கள் கார் நிறுத்தும் இடத்தை வாங்கினேன். மீன்பாடி வண்டிக்காரர் இருவரைப் பிடித்து பீரோவையும் கட்டிலையும் இறக்கினேன். பாத்திரங்களை மூன்று மாடிப்படித் திருப்பங்களையும் தாண்டி நானே தூக்கி வந்தேன். இரண்டு காரியம்தான் தப்பு. ஒன்று, பாத்திரங்களில் உன் பெயர் தெரியாதபடி அதன் மேலேயே விலைச் சீட்டை ஒட்டினேன். இரண்டு, கேட்டில் ஒட்டிய தாளில் "மகள் வெளிநாடு செல்வதால்" என்று தட்டச்சு செய்தேன்.

வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, "எந்த நாட்டுக்கு?" எதிர்வீட்டுப் பெண்ணிடம் கனடா என்றேன். அடுத்து வந்த ஒருத்தியிடம், ஏன் என்றே தெரியவில்லை, சிங்கப்பூர் என்று வந்துவிட்டது. இரண்டு பேரும் பீரோவுக்குப் பின்னால் நின்று கிசுகிசுத்ததைப் பார்த்தேன். பாத்திரத்தைத் தூக்கிப் பார்ப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள், மேலே நம் வீட்டு ஜன்னலைப் பார்ப்பார்கள், வைத்துவிட்டுப் போவார்கள். பதினொரு மணி வரை இரண்டு டம்ளர் செட்தான் போயிருந்தது. வெயில் ஏறி எவர்சில்வர் எல்லாம் கண்ணைக் கூசவைத்தது. இவ்வளவையும் மறுபடி மேலே தூக்கிக்கொண்டு போய், மறுபடி நீ ஒருக்களித்து நடப்பதைப் பார்க்க என்னால் முடியாது என்று தோன்றியது. விலையைப் பாதியாக்கினேன். அப்போதும் யாரும் வாங்கவில்லை. யாராவது சும்மா எடுத்துக்கொண்டு போங்களேன் என்று கத்திவிடும் நிலையில் இருந்தேன்.

அப்போதுதான் கஸ்தூரி வந்தாள். லஸ் பக்கம் ஏதோ அலுவலகத்தில் பெருக்கித் துடைக்கும் வேலை. வேலை முடிந்து பஸ்ஸுக்குப் போகிற வழியில் கேட்டில் தாளைப் பார்த்துவிட்டு உள்ளே வந்திருந்தாள். வீடு முன்பு ஆற்றோரமாம், அதை இடித்துவிட்டு இப்போது ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் அரசு வீடு கொடுத்திருக்கிறார்களாம். பெரிய அண்டாவைத் தடவிப் பார்த்தவள், நகத்தால் சீட்டின் ஓரத்தைக் கிளப்பினாள்.

"இன்னாம்மா, அடில பேரு கீது?"

"என் பொண்ணு பேருதான். கல்யாணத்துக்கு வாங்கினது."

"எம் பொண்ணுக்கும் அடுத்த மாசம் கண்ணாலம்மா. கடைல புச்சா வாங்க நம்மால ஆவாது. அதான் பாத்துக்கினு கீறேன்." அண்டாவை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "உங்க பொண்ணு நல்லா வாழுதா? நல்லா வாழ்ற பொண்ணு பாத்திரம்னா சொல்லு, இந்த அண்டா, அந்தக் கொடம், தவல எல்லாம் எடுத்துக்கினு போறேன். எம் பொண்ணும் அதே மாரி வாழட்டும்."

கனடாவும் சிங்கப்பூரும் யாரையும் ஒன்றும் செய்யாத பொய். இது அப்படியில்லை என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் சொன்னேன். "நல்லா இருக்கா. ரொம்ப நல்லா இருக்கா."

"இல்லீங்க."

நீ படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாய். எப்போது இறங்கி வந்தாய் என்று தெரியாது. ஐந்து வாரத்துக்குப் பிறகு நான் கேட்ட உன் குரல் அதுதான். "அந்தப் பேரு என்னோடது. நான் எங்கயும் வெளிநாடு போகல. எனக்கு விவாகரத்து ஆயிடுச்சு. அவங்க வீட்லேர்ந்து திருப்பி அனுப்பின சாமான் இது. தெரிஞ்சு வாங்கறதுன்னா வாங்கிக்கங்க."

கஸ்தூரி கையை எடுத்துவிட்டாள். "நல்ல வேள சொன்ன கண்ணு," என்றாள் உன்னிடம். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, நானும் பொண்ணு பெத்தவதானே? எங்கிட்டப் போயி இன்னாத்துக்கு இப்டிச் சொன்ன?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நின்றிருந்தவர்களும் ஒருவர் பின் ஒருவராக நகர ஆரம்பித்தார்கள்.

அந்த நேரத்தில் நான் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன். குறைத்து எழுதினால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. "உன்கிட்ட எதுவுமே நிலைக்காதாடி? வாழ்க்கைதான் போச்சு, இந்தச் சாமானாவது போய்த் தொலையட்டும்னா அதையும் கெடுத்துட்டியே. நீ இங்க வந்தே இருக்க வேண்டாம்!" கத்தித்தான் சொன்னேன். பன்னிரண்டு வீட்டு ஜன்னலிலும் கேட்டிருக்கும். நீ திரும்பிப் படியேறி மேலே போவாய் என்று நினைத்தேன், மாடி நினைவு வந்தது, சாவி அரிசி டின்னில்தானே இருக்கிறது என்று மனசு அலறியது.

நீ மேலே போகவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. மாமி வீட்டுக் கதவைத் தட்டிக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் வாங்கினாய். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பாத்திரத்திலும் நான் ஒட்டிய சீட்டைப் பிய்த்து, பசையை எண்ணெய் தொட்டுத் துடைத்து, உன் பெயர் வெளியே தெரியும்படி வைத்தாய். பிறகு எழுந்து போய் கேட்டில் இருந்த தாளில் "வெளிநாடு செல்வதால்" என்பதை அடித்துவிட்டுப் பேனாவால் "விவாகரத்து ஆனதால்" என்று எழுதினாய். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. இனிமேல் இந்தத் தெருவில் எப்படி நடப்பது என்றுதான், அப்போதும், நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தது கீழ்வீட்டு மாமி. காலையிலிருந்து ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், நேராக உன்னிடம் வந்தார்.

"ஏண்டி வனிதா, அந்த இட்லிக் கொப்பரை என்ன சொல்றே?"

நீ விலை சொன்னாய்.

"ஏன், கடையில போய் புதுசே வாங்கிண்டு வந்துட மாட்டேனா? மூடி வேற நசுங்கிண்டு இருக்கு."

"நசுங்கல மாமி. கைப்பிடிக்கு அங்க பள்ளம் விட்டிருக்கு. இது அடுப்புலயே ஏறல, பேப்பரே இன்னிக்குத்தான் பிரிச்சோம்."

"எனக்கே சொல்லித்தரியா? எங்காத்துல இதே மாதிரி ஒண்ணு இருபது வருஷமா இருக்கு."

"அப்புறம் இன்னொண்ணு எதுக்கு மாமி?"

மாமி சிரித்துவிட்டார். நீயும் சிரித்தாய். அவர் உனக்காக இரக்கப்பட்டு ஒரு காசுகூடக் கூடுதலாகக் கொடுக்கவில்லை. கால் மணி நேரம் பேரம் பேசி, நீ லேசில் இறங்காமல், கடைசியில் நீ சொன்னதற்குக் கொஞ்சம் குறைத்து வாங்கிக்கொண்டு போனார். தூணுக்குப் பின்னால் நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அந்தப் பேரம் முழுவதையும் கேட்டேன். உன் குரல் எவ்வளவு கணீரென்று இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அதன் பிறகு ஆட்கள் வந்தார்கள். வேடிக்கை பார்க்கவும் வந்தார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் காரணம் கேட்டால் நீ காரணம் சொன்னாய், அதற்கு மேல் கேட்க அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை, விலை கேட்டார்கள். புதிதாகக் குடிவந்த ஒரு ஜோடி கட்டிலையும் பீரோவையும் எடுத்தது. மூன்று மணிக்கு மிக்சி போனது, கிரைண்டர் போனது, தட்டுகள் போயின. மறைத்து வைத்தபோது யாரும் திரும்பிப் பார்க்காத சாமான், நீ உள்ளதைச் சொன்னதும் கைமாறியது.

நான்கு மணிக்குக் கஸ்தூரி திரும்பி வந்தாள். பெரும்பாக்கம் வரை போய், தன் பெண்ணையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். "நான் வேணாம்னுதான் சொன்னேன். இதுதான் உன்னாண்ட பேசணும்னு அடம் புடிச்சிக்கினு வந்துக்கீது," என்றாள் உன்னிடம். அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயசிருக்கும். பாத்திரங்களைப் பார்க்கவே இல்லை. "அக்கா, ஒரு நிமிசம் தனியா பேசலாமா?" என்றது. நீங்கள் இரண்டு பேரும் மோட்டார் ரூம் பக்கத்துத் திண்டில் போய் உட்கார்ந்தீர்கள். ஒரு நிமிஷம் அரை மணி நேரமானது. நீ ஏதோ சொல்லச் சொல்ல அவள் தலையாட்டினாள், நடுவில் ஏதோ கேட்டாள், நீ உன் மணிக்கட்டைக் காட்டினாய். நானும் கஸ்தூரியும் அண்டாவுக்கு இரண்டு பக்கமும் நின்றோம்.

"இன்னா பேசுதுங்களோ," என்றாள் அவள்.

"தெரியல."

"போய்க் கேக்கட்டுமா?"

"வேண்டாங்க," என்றேன். பிறகு, "காலைல அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்புதான்," என்றேன். அவளிடம் சொல்ல முடிந்தது. உன்னிடம் சொல்ல முடியவில்லை.

அவர்கள் அண்டாவையும் குடத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். தவலையை வேண்டாம் என்றார்கள். அந்தப் பெண்ணின் கல்யாணம் நடந்ததா, தள்ளிப்போனதா, எனக்குத் தெரியாது. நீ அவளிடம் என்ன சொன்னாய் என்று இன்றுவரை கேட்கவில்லை. என்னிடம் சொல்ல வந்து, நான் காது கொடுக்காமல் விட்டதைத்தான் அவளிடம் சொல்லியிருப்பாய்.

அன்று சாயங்காலம் ஹால் காலியாக இருந்தது. நீ நேராக நடந்து போய்க் கை கழுவினாய். நான் நினைத்தது நடந்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டும். ஆனால் என்னிடம் மட்டும் நீ பேசவில்லை. இன்றும், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. கோயம்புத்தூர் வேலையைப் பற்றிக்கூட மாமிக்குத்தான் முதலில் தெரிந்தது. இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். உன் சீர்ச் சாமானோடு திரும்பி வந்த குத்துவிளக்கை அந்த விற்பனையில் நான் வைக்கவில்லை. என் பீரோவில், புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். என்றாவது மறுபடியும் உனக்கு ஒரு கல்யாணம் என்று ஒன்று வந்தால் என்று. அவ்வளவுக்குப் பிறகும் என் புத்தி அங்கேதான் ஓடியது. நேற்று அதை எடுத்து விற்றுவிட்டேன். அந்தப் பணம் உன் கைப்பையில் இருக்கிறது. அதை வைத்து உனக்கு என்ன வாங்க வேண்டுமோ வாங்கிக்கொள். எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீ என் மேல் கோபித்துக்கொண்டு போனால் அதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் "நீ இங்க வந்தே இருக்க வேண்டாம்" என்பதை நம்பிக்கொண்டு மட்டும் போய்விடாதே. எனக்கு இப்போது தாங்க முடியாத பயம் அது ஒன்றுதான். அங்கே உனக்கு உடம்புக்கு முடியாமல் போகலாம், வேலை பிடிக்காமல் போகலாம், ஒன்றுமே இல்லாமல் சும்மா அழுகை வரலாம். அப்போது என் வீடு உன் நினைவுக்கு வர வேண்டும். வந்தால், மறுபடியும் உன்னை ஆட்டோவில் ஏற்ற மாட்டேன். கெஞ்சிக் கேட்கிறேன்.

அன்று நான் அதை உன் காதோடு சொல்லவில்லை, பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னேன். அதனால் மன்னிப்பையும் உன்னிடம் மட்டும் ரகசியமாகக் கேட்டால் போதாது. இந்தக் கடிதத்தை நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்றிருக்கிறேன். எல்லோரும் படிக்கட்டும், வனிதாவின் அம்மா சொன்னது தப்பு என்று. ஆனால் இதில் இருப்பது உன் வாழ்க்கை. உன்னைக் கேட்காமல் உனக்காக நான் செய்ததெல்லாம் போதும். முதலில் நீ படி. படித்துவிட்டு, போடலாம் என்றால் போடு என்று ஒரு வார்த்தை சொல். வேண்டாம் என்றால் கிழித்துவிடு. நான் ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா